பெரிய கேபினெட் வாங்கினால் கம்ப்யூட்டர் சத்தம் குறையுமா? திருவண்ணாமலை வெயிலுக்கு எதைப் பார்த்து வாங்கணும்?

மே மாதம். இரவு ஒன்றரை மணி. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ஹாலை ஒட்டிய சின்ன அறையில் அண்ணன் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தார். காலையில் பத்து மணிக்குள் பென்டிரைவ் கொடுத்தாக வேண்டும். ரெண்டர் 80 சதவீதத்தைத் தாண்டிய நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி ஆன் செய்தார். ஃபேன் சத்தமும் மறுபடி ஏறியது. பக்கத்து அறையில் இருந்து அம்மா குரல்: “மாவு மில்லு ஓடுற மாதிரி இருக்குடா, மனுஷங்க எப்படி தூங்குறது?”

அடுத்த வாரமே அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். “பெருசா ஒரு கேபினெட் வாங்கிட்டா சூடும் போயிடும், சத்தமும் போயிடும்.” அவர் போனில் காட்டிய படத்தில் முன்பக்கம் முழுக்க கண்ணாடி. உள்ளே கலர் கலராக லைட். அதன் விலையோ, இரண்டு கல்யாண ஆர்டர் முடித்தால் கையில் நிற்கும் பணம்.

இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை. வீட்டில் இருந்தபடியே எடிட்டிங், டிசைனிங், யூடியூப் சேனல் என்று வேலை செய்யும் எல்லோருக்கும் கோடையில் வரும் கேள்விதான். பெரிய கேபினெட் வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நம்ம ஊரில் பலரும் மொத்தப் பெட்டியையும் ‘சிபியு’ என்றுதான் சொல்கிறோம். உண்மையில் சிபியு என்பது உள்ளே மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் பிராசஸர் சிப். அதையும் மற்ற பாகங்களையும் சுமக்கும் இரும்புப் பெட்டிக்குக் கடையில் ‘கேபினெட்’ என்று பெயர். இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது.

சத்தம் எங்கிருந்து வருது?

கம்ப்யூட்டரில் சத்தம் போடுவது பெரும்பாலும் ஃபேன்கள்தான். பிராசஸர் கூலரில் ஒன்று, கிராபிக்ஸ் கார்டில் இரண்டு மூன்று, எஸ்எம்பிஎஸ்-ல் ஒன்று, கேபினெட்டில் ஒன்றிரண்டு என்று மொத்தம் ஆறேழு ஃபேன் சாதாரணமாக இருக்கும். இதோடு ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் அதிர்வும் சேரும். கேபினெட் தகரம் மெலிசாக இருந்தால் அந்த அதிர்வு பெட்டி முழுக்கப் பரவி ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்கும்.

ஃபேன் தானாக வேகம் எடுப்பதில்லை. சிப் சூடானதும் மதர்போர்டு அதன் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் சத்தம் என்பது நோய் இல்லை, அறிகுறி. உள்ளே சூடு வெளியேறாமல் தேங்குகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

சூடு இன்னும் கூடினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இன்டெலின் பல டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பல மாடல்களுக்கு 95 டிகிரி. ஒரு மணி நேர ரெண்டர் ஒன்றே கால் மணி நேரம் இழுப்பதற்கு இது ஒரு காரணம். அதையும் தாண்டினால் மொத்தமாக ஆஃப் ஆகிவிடும்.

பெட்டி பெருசா இருந்தா கூலா இருக்குமா?

பலரும் நம்புவது இதைத்தான். “ஆயிரங்கால் மண்டபத்துக்குள்ள போனா ஜில்லுனு இருக்குல்ல, பெரிய இடம்னா சூடு தெரியாது” என்பது அண்ணனின் வாதம். ஆனால் மண்டபம் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் கனமான கல்லும் உயரமான கூரையும். உள்ளே அடுப்பு எரியவில்லை என்பதும் முக்கியம். கம்ப்யூட்டருக்குள் எரிவது அடுப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பெரிய கேபினெட்டின் கொள்ளளவு சுமார் 80 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேன் நான்கு அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. அத்தனை காற்றின் எடை 100 கிராம் கூட இல்லை. எடிட்டிங் செய்யும் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடும்போது 400 வாட் வெப்பம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று எங்கும் போகாமல் உள்ளேயே அடைபட்டிருந்தால், கணக்குப்படி அது நொடிக்கு 4 டிகிரிக்கு மேல் சூடாகும். இரும்பும் மற்ற பாகங்களும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால் நிஜத்தில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் 40 லிட்டர் பெட்டிக்கும் 80 லிட்டர் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் சில நொடிகளில் தீர்ந்துபோகும் என்பது புரிகிறது இல்லையா?

அதாவது, பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது கணக்கே இல்லை. நொடிக்கு எவ்வளவு காற்று உள்ளே வந்து வெளியே போகிறது என்பதுதான் கணக்கு. மேலே சொன்ன 400 வாட் கம்ப்யூட்டரில், வெளியே போகும் காற்று உள்ளே வரும் காற்றைவிட 10 டிகிரி மட்டுமே சூடாக இருக்க வேண்டும் என்றால் நொடிக்கு சுமார் 35 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாட்டர் கேன் காற்று, ஒவ்வொரு நொடியும்.

அப்போ பெரிய கேபினெட்டால் என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. அது பெட்டியின் அளவில் இல்லை, அந்த அளவு எதற்கெல்லாம் இடம் தருகிறது என்பதில் இருக்கிறது.

முதல் லாபம், பெரிய ஃபேன். சாதாரண கேபினெட்டில் இருப்பது 120 மில்லிமீட்டர் ஃபேன். பெரிய கேபினெட்டில் 140 மில்லிமீட்டர் ஃபேன் மாட்டலாம். வெறும் 20 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே மாதிரி வடிவமைப்புள்ள ஃபேன்களில், ஒரே வேகத்தில் சுற்றும்போது தள்ளும் காற்று விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப கூடும். அந்தக் கணக்கில் 120 ஃபேன் 1,000 ஆர்பிஎம்-ல் தள்ளும் காற்றை 140 ஃபேன் சுமார் 630 ஆர்பிஎம்-லேயே தள்ளிவிடும்.

இரண்டாவது லாபம், அதிக எண்ணிக்கை. ஃபேன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் விழும். அதே வேகத்தில் மூன்று ஃபேன் ஓடவிட்டால் சத்தம் சுமார் 5 டெசிபல்தான் கூடும். கூட்டிக் கழித்தால், முழு வேகத்தில் ஓடும் ஒரு ஃபேனைவிட பாதி வேகத்தில் ஓடும் மூன்று ஃபேன்கள் ஒன்றரை மடங்கு காற்று தரும். சத்தம் சுமார் 10 டெசிபல் குறைவு. நம் காதுக்கு 10 டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறைய பாதியானது போலத் தோன்றும். இவை தோராயக் கணக்குதான். ஃபேனின் தரத்தைப் பொறுத்து மாறும், ஆனால் திசை மாறாது.

மூன்றாவது லாபம், பெரிய கூலருக்கு இடம். நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய ஏர் கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர். ஒல்லியான கேபினெட்டில் பக்கவாட்டு மூடி மூடாது. கூலரின் தகடுகள் பெரிதாக இருந்தால் அதன் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். அதேபோல 30 சென்டிமீட்டரைத் தாண்டும் கிராபிக்ஸ் கார்டுகள், நான்கைந்து ஹார்ட் டிஸ்க் எல்லாம் முன்பக்க ஃபேனை மறைக்காமல் உட்காரும். வருஷக்கணக்கில் கல்யாண வீடியோக்களைச் சேமித்து வைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சுருக்கமாகச் சொன்னால்: பெரிய கேபினெட் குளிர்விக்காது. பெரிய ஃபேன்கள் மெதுவாகச் சுற்ற இடம் கொடுக்கும். அந்த ஃபேன்களும் இல்லை, காற்று வரும் வழியும் இல்லை என்றால் அது வெறும் பெரிய பெட்டி.

முன் வாசலும் கொல்லை வாசலும்

நம்ம ஊர் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். திண்ணையில் நின்றால் முன் வாசல், கூடம், முற்றம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். முன்னால் நுழைந்த காற்று பின்னால் வெளியே போகும். நடுவில் பீரோவை நிறுத்தினால் காற்று நின்றுவிடும்.

கேபினெட்டும் அதே கணக்கு. முன்பக்கமும் கீழேயும் காற்று உள்ளே வர வேண்டும். பின்பக்கமும் மேலேயும் வெளியே போக வேண்டும். “சூடான காற்று தானாக மேலே போகுமே” என்று கேட்கலாம். போகும்தான், ஆனால் ஃபேன் தள்ளும் வேகத்துக்கு முன்னால் அது ரொம்ப மெதுவான நகர்வு. ஃபேனை எந்தத் திசையில் மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். எல்லா ஃபேனும் வெளியே தள்ளினாலும் தப்பு, எதிரெதிராக மாட்டினாலும் தப்பு.

ஃபேனின் திசையைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சாதாரண ஃபேனில் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். சந்தேகம் இருந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இழுத்தால் உள்ளே, தள்ளினால் வெளியே.

கண்ணாடியா, வலையா, பஞ்சு ஒட்டியதா?

வாங்கும்போது அதிகம் ஏமாறுவது முன்பக்கத்தில்தான். முன்பக்கம் மூன்று வகையாக வருகிறது.

கண்ணாடி முன்பக்கம்: பார்க்க அழகு. ஆனால் முன்னால் ஃபேன் இருக்கும் மாடல்களில், கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் நடுவே இருக்கும் விரல் அகல இடைவெளி வழியாகத்தான் காற்று நுழைய வேண்டும். வாசலைச் சாத்திவிட்டு ஜன்னல் இடுக்கில் காற்று வாங்குவது மாதிரி. காற்று போதவில்லை என்றால் ஃபேன் வேகம் கூடும், சத்தமும் கூடும். பக்கவாட்டிலும் கீழேயும் இருந்து காற்றை இழுக்கும்படி வடிவமைத்த கண்ணாடி கேபினெட்டுகளும் உண்டு. அவற்றில் அந்த இடங்களில் எல்லாம் ஃபேன் வாங்கி மாட்டினால்தான் பலன்.

மெஷ் எனப்படும் கம்பி வலை முன்பக்கம்: காற்று தடையில்லாமல் வரும். உள்ளே இருக்கும் சத்தமும் வெளியே தெரியும். ஆனால் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதால் மொத்தச் சத்தம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் டோரன்ட் இதற்கு நல்ல உதாரணம். முன்னால் 180 மில்லிமீட்டரில் இரண்டு ராட்சத ஃபேன், கீழே 140 மில்லிமீட்டரில் மூன்று. கோர்சேர் 7000டி ஏர்ஃப்ளோவும் இந்த வகைதான். அது ஃபுல் டவர். உயரம் 55 சென்டிமீட்டர், நீளம் 60 சென்டிமீட்டர், வெறும் பெட்டியே 18 கிலோவுக்கு மேல்.

சத்தத் தடுப்புப் பஞ்சு ஒட்டிய மூடிய முன்பக்கம்: ஃப்ராக்டல் டிஃபைன் 7 எக்ஸ்எல் போன்றவை. கதவு மாதிரி மூடியின் உட்புறம் சத்தத்தை உறிஞ்சும் பட்டை இருக்கும். குறைந்த வெப்பம் விடும் கம்ப்யூட்டருக்கும், ஏசி அறைக்கும் அருமை. ஆனால் 38 டிகிரி அறையில் 400 வாட் கம்ப்யூட்டரை அதற்குள் வைத்தால், பஞ்சு குறைக்கும் சத்தத்தை ஃபேன் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு பி கொயட் நிறுவனத்தின் சைலன்ட் பேஸ் 802 போன்ற மாடல்களில் மூடிய பேனல், மெஷ் பேனல் இரண்டுமே வரும். காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இவை உதாரணத்துக்குச் சொன்ன பெயர்கள்தான். இதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. இதில் பாதி விலைக்கு வரும் மெஷ் கேபினெட்டுகளும் உண்டு. பிராண்டைவிட முன்பக்கம் எப்படி இருக்கிறது என்பது முக்கியம்.

திருவண்ணாமலைக்கு என்ன ஸ்பெஷல்?

யூடியூபில் கேபினெட் ரிவ்யூ பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பெரும்பாலான வெளிநாட்டு ரிவ்யூக்கள் 20 முதல் 25 டிகிரி அறையில் டெஸ்ட் செய்யப்படுபவை. நம்ம ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், பகல் முழுக்க காய்ந்த கான்கிரீட் இரவிலும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும்.

எந்தக் கேபினெட்டாலும், எந்த ஃபேனாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, உள்ளேயும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். ரிவ்யூவில் 22 டிகிரி அறையில் 74 டிகிரி காட்டிய பிராசஸர், நம் 37 டிகிரி அறையில் 89 டிகிரி காட்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு ரிவ்யூ பாருங்கள். “வாட்டர் கூலிங் போட்டுட்டா?” என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். லிக்விட் கூலரும் கடைசியில் அதே அறைக் காற்றில்தான் சூட்டை இறக்குகிறது. அதற்கு ரேடியேட்டரும் ஃபேனும் உண்டு, கூடுதலாக ஒரு பம்பு சத்தமும் உண்டு.

அடுத்தது தூசி. மாட வீதிப் பக்கமோ கிரிவலப் பாதையை ஒட்டியோ வீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் மக்கள் நடக்கிறார்கள், வண்டிகள் ஓடுகின்றன. இதோடு வீட்டுக்குள் ஊதுபத்திப் புகை, தாளிக்கும் எண்ணெய்ப் புகை. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த தூசி கூலர் தகடுகளில் கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அதனால் காற்று நுழையும் ஒவ்வொரு இடத்திலும் கழற்றிக் கழுவக்கூடிய டஸ்ட் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க ஃபில்டரைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டால் அதை நாம் கழற்றப் போவதே இல்லை. கையால் இழுத்தால் வர வேண்டும். உள்ளே இழுக்கும் ஃபேன்கள், வெளியே தள்ளும் ஃபேன்களைவிட ஒன்றாவது கூடுதலாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். தூசி ஃபில்டர் இருக்கும் வழியைத் தவிர வேறு வழியில் எளிதில் நுழையாது.

மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவ வேண்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதற்குத் தனியாக ரிமைண்டர் வேண்டாம். பௌர்ணமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். புளோயரால் உள்ளே ஊதும்போது கம்ப்யூட்டரை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

இன்னொரு விருந்தாளியும் உண்டு: பல்லி. இருட்டும் வெதுவெதுப்பும் அதற்குப் பிடித்த இடம். பின்பக்கம் கார்டு ஸ்லாட் மூடிகள் இல்லாமல் ஓட்டையாக விட்டால் உள்ளே குடியேறிவிடும். மின்சாரம் ஓடும் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் உடல் பட்டால் பல்லியும் போகும், போர்டும் போகும். ஸ்லாட் மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். எஸ்எம்பிஎஸ்-க்குள் ஏதாவது புகுந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

எவ்வளவு அமைதி தேவை?

இதையும் யோசிக்க வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-ன் படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல். அது தெருவில் இருக்கும் சத்தத்துக்கான அளவு. அமைதியான படுக்கையறை சுமார் 30 டெசிபல் இருக்கும். மேலே சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில், கம்ப்யூட்டர் 25 டெசிபலில் ஓடுகிறதா 30 டெசிபலில் ஓடுகிறதா என்பது காதுக்கே தெரியாது. அதற்காகப் பல ஆயிரம் கூடுதலாகச் செலவழிப்பது வீண்.

ஆனால் குரல் பதிவு செய்பவர்கள் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் மைக் முன்னால் உட்காருவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு டெசிபலும் முக்கியம். அங்கே கேபினெட்டைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது: தூரம். நீளமான கேபிள் வாங்கி, பெட்டியை மைக்கில் இருந்து தள்ளி வைத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

சத்தத்தின் அளவைவிட அது ஏறி இறங்குவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். பயாஸ் செட்டிங்கில் ஃபேன் வேகத்தை மாற்றும் வசதி உண்டு. சிப் ஒரு நொடி சூடானதும் ஃபேன் பாய்ந்து ஓடாமல், சில நொடிகள் தாமதித்து மெதுவாக ஏறும்படி வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஃபேன்கள் மதர்போர்டில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். விலை குறைந்த பல கேபினெட்டுகளில் வரும் லைட் ஃபேன்கள் மோலெக்ஸ் ஒயர் வழியாக நேராக எஸ்எம்பிஎஸ்-ல் மாட்டப்படும். அவை எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். என்ன செட்டிங் மாற்றினாலும் கேட்காது.

வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

இது காசு செலவில்லாத டெஸ்ட். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

முதலில் கம்ப்யூட்டரின் வெப்பநிலையைக் காட்டும் இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை, எடிட்டிங் என்றால் ஒரு ரெண்டரை, 20 நிமிடம் ஓடவிட்டு பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆஃப் செய்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, அதே வேலையை அதே நேரம் ஓடவிடுங்கள். உள்ளே கை வைக்க வேண்டாம். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

வெப்பம் 8, 10 டிகிரிக்கு மேல் இறங்கி, சத்தமும் குறைந்தால் பெட்டிதான் மூச்சை அடைக்கிறது. புதிய கேபினெட்டோ கூடுதல் ஃபேனோ பலன் தரும். இரண்டு மூன்று டிகிரிதான் இறங்குகிறது என்றால் குற்றவாளி கேபினெட் இல்லை. கூலர் தூசி அடைத்திருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், கூடவே வந்த சின்ன கூலர் அந்தப் பிராசஸருக்குப் போதாமல் இருக்கலாம். அந்த நிலையில் எவ்வளவு பெரிய கேபினெட் வாங்கினாலும் பணம்தான் போகும்.

எங்கள் வீட்டில் 14 டிகிரி இறங்கியது. காரணம் தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. முன்பக்கம் முழு பிளாஸ்டிக், பின்னால் ஒரே ஒரு ஃபேன். அதையும் கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய தட்டுக்குள் சுவரை ஒட்டி வைத்திருந்தோம். வெளியே வந்த சூடான காற்றையே அது திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

முதல் வேலையாக அதைத் தட்டில் இருந்து வெளியே எடுத்தோம். அதிலேயே பாதி குறைந்தது. கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாகக் குறைத்தார் அண்ணன். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடியது, சூடு நன்றாகக் குறைந்தது. சூட்டை வெளியே தள்ளுவதைவிட அதை உண்டாக்காமல் இருப்பது மலிவு. பிறகும் நான்கு ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் தேவைப்பட்டதால் புது கேபினெட் வாங்கினார். கண்ணாடி முன்பக்கம் இல்லாத, மூன்று 140 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள மெஷ் கேபினெட். முதலில் பார்த்து வைத்ததைவிட விலையும் குறைவு.

கடையில் என்ன கேட்கணும்?

திருவண்ணாமலை கடைகளில் பெரிய கேபினெட் எல்லா மாடலும் ஸ்டாக் இருக்காது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போவீர்கள், அல்லது ஆன்லைனில் வாங்குவீர்கள். 18 கிலோ பெட்டியைத் திருப்பி அனுப்புவது லேசான வேலை இல்லை. அதனால் முன்கூட்டியே இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முன்பக்கம் காற்று எந்த வழியாக நுழைகிறது? உள்ளங்கையால் முன்பக்கத்தை மூடிப் பாருங்கள். மூடுவதற்கே ஓட்டை இல்லை என்றால் யோசியுங்கள்.

2. கூடவே எத்தனை ஃபேன் வருகிறது, என்ன அளவு? ‘10 ஃபேன் மாட்டலாம்’ என்பதும் ‘10 ஃபேன் வருகிறது’ என்பதும் ஒன்றல்ல.

3. ஃபேன் ஒயர் மதர்போர்டில் மாட்டும் 3 பின் அல்லது 4 பின் வகையா, மோலெக்ஸா? 4 பின் பிடபிள்யூஎம் என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எளிது.

4. கூலர் உயரம் எவ்வளவு வரை இடம் உண்டு? கிராபிக்ஸ் கார்டு நீளம் எவ்வளவு வரை? உங்களிடம் இருப்பதை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

5. ஃபில்டர் கையால் கழற்ற வருகிறதா? கீழே எஸ்எம்பிஎஸ் பக்கமும் ஃபில்டர் இருக்கிறதா?

6. ஹார்ட் டிஸ்க் மாட்டும் இடத்தில் ரப்பர் வாஷர் இருக்கிறதா? பக்கவாட்டுத் தகரத்தை விரலால் தட்டிப் பாருங்கள். டப்பா மாதிரி அதிர்ந்தால் ரீங்காரம் நிச்சயம்.

7. உங்கள் டேபிளில், அல்லது டேபிளுக்குப் பக்கத்தில் அது உட்காருமா? இன்ச் டேப் எடுத்து அளந்துவிட்டுப் போங்கள். பின்னால் ஒரு சாண் இடைவெளியும் சேர்த்து அளக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் நேராக வைக்காமல் சின்ன ஸ்டாண்டோ பலகையோ போட்டு வையுங்கள். வீடு பெருக்கும்போது கிளம்பும் தூசி முதலில் போவது கீழ் ஃபில்டருக்குத்தான். ஓடும்போது துணி போட்டோ, பிளாஸ்டிக் கவர் போட்டோ மூட வேண்டாம். ஜன்னல் பக்கம் வைத்தால் மதிய வெயில் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடைக்குள் கேபினெட் மாற்றும் யோசனை இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கவாட்டு மூடி டெஸ்ட்டை மட்டும் செய்துவிடுங்கள். 40 நிமிடம்தான் ஆகும். புது கேபினெட் தேவையா, ஒரு ஃபேன் போதுமா, இல்லை தூசி தட்டினாலே போதுமா என்பதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் இப்போதும் இரவில் ரெண்டர் ஓடுகிறது. அம்மா நடுவில் எழுந்து வந்து கேட்பது ஒன்றுதான்: “ஓடுதா, இல்ல நின்னுடுச்சாடா?”